இன்னொரு முடிச்சு போடுகிறவர்

முடிச்சுக்காரர் என்றோர் இனம் உண்டு. அவரை விவரிப்பதற்கு முன்னால், ஸுபத்ரா சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது காஞ்சிபுரத்திலிருந்து அவளுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்டுவிடுங்கள்.

"பார்சல் வந்துதா?" என்றார் அப்பா பராங்குசம்.

"வந்துதுப்பா."

"கோயில் இட்லி எப்படி இருந்தது?"

"இன்னும் சாப்பிடலை."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. பார்சல்தான் பிரிய மாட்டேங்கறது. உதவிக்கு வந்த பொண்ணோட கத்திரிக்கோல் உடைஞ்சு போச்சு."

பாராட்டை வெளிக்காட்டாமல் வாங்கிக்கொள்ளும் வித்வானின் அடக்கத்தோடு அவர் கேட்டார்: "அப்போ, வழியில எங்கேயும் அவிழலை?"

இதுதான் அந்த இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் மூடிய ஊறுகாய் ஜாடியைத் திறக்க அண்டை வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் நிறுத்திய குழாய், வாஷர் நசுங்கி, அன்று முதல் நிற்காமல் சொட்டும். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், தொங்கிப் பார்ப்பார், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை தொங்கிப் பார்ப்பார். மொட்டைமாடியில் காயும் வேட்டிக்கு இரண்டு கிளிப் மாட்டி, அதன் மேல் கொடிக்கும் வேட்டிக்குமாக ஒரு முடிச்சும் போடுவார். மழை வந்தால் வேட்டி நனையும். பறக்காது.

இத்தனையும் செய்யும்போது அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்: "எதுக்கும் இன்னொண்ணு போட்டுடறேன்."

எதுக்கும் என்றால் எதற்கு? கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்தால் முதல் முடிச்சோடு நிறுத்தியிருப்பாரே.

இவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் சணல் கிடைக்கும், பிளாஸ்டிக் கயிறு கிடைக்கும். காஞ்சிபுரத்து முடிச்சுக்காரருக்குக் கூடுதலாக ஒரு பாக்கியம்: பட்டு. பராங்குசம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த நூலையெல்லாம் விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பதில் ஆயுளில் பாதி போயிருந்தது. அறுந்தால் அவர் முகம் சுருங்கும். விரல் அறுந்தால் மலரும். சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்குப் பட்டு, சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு, எதுக்கும் இருக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரத்தில் கடல் இல்லை. பாலாறு இருக்கிறது, அதில் தண்ணீர் இல்லை. இருந்தும் ஸுபத்ரா கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். கூடவே கற்றவள் முசரவாக்கத்து தேவிப்ரியா. ஸுபத்ரா பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற கைலாசம் என்பவருக்குச் சென்னைத் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகு இருந்தது. அவருடைய முழங்கால் அதில் ஏற மறுத்துவிட்டது. 2002 தை மாதம் படகுகளெல்லாம் புதுச்சேரி வரை போகிற போட்டிக்கு அதைத் தருவதாகத் தோழிகளிடம் சொன்னார். நிபந்தனை ஒன்று.

"வாடைக்காத்து பின்னாலேர்ந்து தள்ளும். பெரிய பாயை விரிச்சாத்தான் படகு ஓடும். அதை விரிக்கவும் சுருட்டவும் ரெண்டே பேரால முடியும்னு ஞாயித்துக்கிழமை துறைமுகத்துக்குள்ள காட்டுங்க. முடியலைன்னா என் மச்சான் பசங்க ஓட்டுவாங்க. நீங்க கூட உக்காந்துக்கினு வரலாம்."

கூட உட்கார்ந்துகொண்டு! தேவிப்ரியாவே அன்று பேச்சிழந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாய்க்கு ஸ்பின்னேக்கர் என்று பெயர். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகி, படகின் முன்னால் பெரிய வயிறாக உப்பி நிற்கிற மெல்லிய துணி. வழக்கமாக அதை அடக்க நாலைந்து பேர் வேண்டும். இரண்டே பேர் என்றால் ஒரு வழி உண்டு. முறுக்கிக்கொள்ளாத விறைப்பான ஒரு கயிற்றைப் பாயோடு இணைத்து, அடியில் ஓர் உருளையை மாட்டுவார்கள். உருளையைச் சுற்றினால் கயிறு முழுக்கச் சுழலும். பாய் உச்சியிலிருந்து கீழ்நோக்கி அதைச் சுற்றிக்கொள்ளும். சுருண்ட பாயை அப்படியே மேலே ஏற்றி, அதன் மூலைக்கயிற்றை இழுத்தால் விரியும். வேலை முடிந்ததும் உருளையைச் சுற்றினால் மறுபடி சுருளும். ஏற்றும்போது தானாக விரிந்துவிடாமலிருக்க, சுருளைச் சுற்றி அங்கங்கே மெல்லிய பருத்தி நூலால் ஒரு கட்டு. மூலைக்கயிற்றை இழுத்ததும் நூல் பட் பட்டென்று அறுந்துவிடும். அறுந்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் பூட்டிச் சுருட்ட நீளமான, சுத்தமான இடம் வேண்டும். காஞ்சிபுரத்துக்காரிக்கு இடமா கிடைக்காது? காலையில் நெசவாளிகள் தறிக்கான பாவு நூலை நீட்டுகிற தெருவில், அவர்கள் வேலை முடிந்ததும், இரண்டு முனைக் கம்பங்களுக்கும் நடுவே கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டிப் பாயைச் சுருட்டினார்கள். சைக்கிளை நிறுத்திப் பார்த்தார் தறிக்காரர் ஆதிகேசவன்.

"இன்னாமா, இம்மாம் பெரிய முகூர்த்தப் புடவை? யாருக்குக் கல்யாணம்?"

"காத்துக்குண்ணா," என்றாள் தேவிப்ரியா.

ஸுபத்ரா பருத்தி நூலால் கட்டிக்கொண்டு வந்தாள். பராங்குசம் பின்னாலேயே வந்து கட்டுகளில் ஒன்றை நெருடிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏண்டி, புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற நூல் கூட இதைவிடக் கெட்டியா இருக்குமே."

"அது அறுந்து போகணும்பா."

"அறுந்து போறதுக்காக ஒருத்தர் கட்டுவாளா?"

"பாய் விரியணுமோன்னோ."

"விரியட்டும். நான் வேண்டாங்கலை," என்றார் அவர் பெருந்தன்மையோடு.

தோழிகள் காபி குடிக்க உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது பாய் பைக்குள் இருந்தது. பையின் வாயில் கெட்டியாக இரண்டு முடிச்சு. பக்கத்தில், கடமையை முடித்த கையைத் துடைத்துக்கொண்டு பராங்குசம். பிஸ்கட் டின் திறந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத் தடுப்புச் சுவருக்குள் நல்ல காற்று. படகுத்துறை மேடையில் கைலாசம் பைனாகுலரோடு நிற்க, வழியனுப்ப வந்த தகப்பன் என்ற உரிமையில் பராங்குசமும் நின்றார். படகில் பையின் முடிச்சுகளை அவிழ்ப்பதிலேயே நேரம் போய்விட்டதால், பிறகு எல்லாம் அவசரமாக நடந்தது. பாய் மேலே போயிற்று. ஸுபத்ரா மூலைக்கயிற்றை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காலை முட்டுக் கொடுத்து இழுத்தாள். மடக்கிய குடையைப் போலப் பாய் பாய்மரத்தருகே அமைதியாகத் தொங்கியது.

"இன்னாடி இது, வுடமாட்டேங்குது?" என்று கத்தினாள் தேவிப்ரியா. அண்ணாந்து பார்த்தாள். "ஸுபா, நூலு மினுமினுங்குதுடி! உங்கப்பா பட்டுல கட்டிக்கீறாருடி!"

மச்சான் பசங்களுக்கு நடுவே டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போவது ஸுபத்ராவின் கண்முன் தெளிவாகத் தெரிந்தது.

மேடையிலோ வேறு உலகம். பராங்குசத்தின் முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தேளா சார்? காத்து இந்த அடி அடிக்கிறது. ஒரு இழை நகர்ந்துதா? முறுக்குப் பட்டு! நானே கட்டினேன். ஒவ்வொண்ணுக்கும் மேல எதுக்கும் இன்னொரு முடிச்சு."

கைலாசம் பைனாகுலரை மெதுவாக இறக்கினார். "சார், அது அறுந்திருக்கணும்."

"அதான் சொல்றேன், அறவே இல்லை!"

படகில் இரண்டு பெண்களும் சண்டை போடவில்லை, அழவில்லை. ஒருத்தி சுக்கானையும் கயிற்றையும் பார்த்துக்கொள்ள, ஒருத்தி பாயை நனையாமல் தளத்தில் இறக்கி மடித்தாள். கட்டுகளைக் கத்தியால் அறுத்து மீண்டும் ஏற்றுவதற்குள் காற்று விழுந்துவிட்டது. கரைக்கு வந்ததும் கைலாசம் சொன்னார்: "விரிக்கத் தெரியுமான்னு பாக்க முடியல. கெட்டுப்போனா எறக்கத் தெரியுதுன்னு பாத்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. சார் வர வேணாம்."

ஊர் திரும்புகிற பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது. பிறகு பராங்குசம் ஆரம்பித்தார். நீங்கள் எதிர்பார்ப்பது மன்னிப்பு. இந்த இனத்தை இன்னும் நீங்கள் புரிந்துகொள்ளவில்லை.

"நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொன்னேன்பா."

"சொன்னே. அழுத்திச் சொல்லலை."

அடுத்த ஞாயிறு பருத்தி நூல் வரிசையாக அறுந்தது. பாய் ஒரே மூச்சில் விரிந்தது, சொன்னபடி சுருண்டது. கைலாசம் படகின் சாவியைக் கொடுத்தார். மச்சான் பசங்கள் பஸ்ஸில் புதுச்சேரி போனார்கள்.

இதுவரை நீங்கள் பராங்குசத்தைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம். ஆனால் போன ரயில் பயணத்தில் பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்தவர் யார்? பிள்ளை ஏறிய பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கியவர் யார்? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை.

போட்டியன்று பராங்குசம் வந்திருந்தார். கைலாசமும் மனமிரங்கி அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்: மேடையோடு படகைப் பிடித்திருந்த கடைசிக் கயிற்றை எடுத்துவிடுவது. அவர் வாழ்நாளில் அப்படியொரு வேலையை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"அப்பா, கயிறை விடுங்கோ," என்றாள் ஸுபத்ரா.

"இரு."

"மத்த படகெல்லாம் போயிண்டிருக்கு."

"வுடுங்க சார்," என்றாள் தேவிப்ரியா. "ஓடிப்போறவங்க மாதிரியா இருக்கோம்? ரேஸுக்குத்தான் போறோம்."

அவர் குனிந்தார். அது அவர் போட்ட முடிச்சல்ல; ஒரே இழுப்பில் கழன்றுவிடக்கூடியது. அதைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஸுபா," என்றார், "இதை மட்டும் நீயே வந்து அவிழ்த்துண்டு போயேன்."