பானாக்காரர் போன சாவு வீடுகள்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில், ஊரார் சாவுக்கு ஒன்றுவிடாமல் போவதில் பானாக்காரரை மிஞ்ச ஒருவர் பிறக்கவில்லை. ஒரே ஒரு குறை, மாலையோடு போகமாட்டார். பானாவோடு போவார். எங்கள் பக்கம் ஸ்பேனருக்குப் பானா என்று பெயர். மஞ்சள் பையில் சிறியதும் பெரியதுமாக நாலைந்து கிடக்கும். சாவு வீட்டில் அவர் பையைக் கீழே வைத்தால் 'ணங்'கென்று ஒரு சத்தம் வரும். ஒப்பாரியே ஒரு விநாடி நின்றுவிடும்.

நான் வடமாலபேட்டை மண்டல ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது அவர் பக்கத்து வீடு. அவரிடம் ஒற்றை சிலிண்டர் குட்டி டிராக்டர் ஒன்று இருந்தது. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். மனைவி இறந்த பிறகு அவர் அந்த வண்டியைத் தொடவே இல்லை. நான்கு மழைக்காலம் வெட்டவெளியில் நனைந்து இன்ஜின் இறுகிப் போயிற்று. ஐந்தாம் வருஷம் ஒருநாள் காலையில் எழுந்து வந்து பிரிக்க ஆரம்பித்தார். பாதி பாகம் துருவாகக் கையோடு உதிர்ந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றேன்.

"வாங்கலாம் சார். அதோட மட்கார்டுல அவ குந்திக்கினு வந்ததில்லியே."



கடையில் கிடைக்காத பாகங்களுக்கு அவர் கண்டுபிடித்த வழிதான் சாவு வீடு. அந்த டிராக்டரை வாங்கிய விவசாயிகளெல்லாம் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடினால் கொட்டகையில் ஒரு வண்டி கேட்பாரற்று நிற்கும். காரியம் முடிந்த மறுநாளே பிள்ளைகள் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குள் போய்விட வேண்டும். போவதற்கு என் ஸ்கூட்டர்.

நகரிப் பக்கம் ஒரு வீட்டில் பாடை தூக்கும் நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால் கொட்டகைத் தரையில் பிஸ்டனை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். எனக்குப் பின்னாலேயே வந்த இறந்தவரின் மனைவி பதறிப்போனார்.

"எங்க ஊட்டுக்காரர் மேல இவ்ளோ பாசமா! நீ யாருன்னே எனக்குத் தெரியலியே அண்ணா!"

பிஸ்டனைப் பானாக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுக்கவும் இழுத்துப் போனார்கள். நான் பிஸ்டனைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தேன்.

திரும்பும்போது, "கண்ணுல துரு விழுந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். துணி சுத்தி, எண்ண போட்டு, எப்டி வச்சிருந்தாரு பாரு மனுஷன். நான் மழைல போட்டுட்டேனே" என்று என் முதுகில் முகம் புதைத்து மறுபடியும் அழுதார். புத்தூர் வரைக்கும் சட்டை நனைந்தது.

கடைசியாக டீசல் பம்பு மட்டும் பாக்கி. குடிபாலாவில் ஒரு பெரியவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்கூட்டரில் போய் இறங்கினால், பெரியவர் கட்டிலில் சாய்ந்தபடி கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். தகவல் தப்பு. பானாக்காரர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். 'ணங்.'

"எதுக்குடா வந்தே?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு, நைனா."

"பொய் சொல்லாத. சாவு ஊட்டுக்கு பானா எடுத்துக்கினு வர்றவன் நீதானே? உன்னப் பத்தி தெரியும்."

பானாக்காரர் தலை குனிந்து நின்றார். பெரியவர் கஞ்சியைக் கீழே வைத்தார். "நான் சாகறதுக்கு ஏன் காத்துக்கினு இருக்கே? இப்பவே கழட்டிக்கோ. ஆனா வண்டி ஓடனா, அந்த சத்தத்த எனக்குக் காட்டணும்."

பம்பைக் கழற்றி வந்த அன்று முதல் பானாக்காரர் சோறு தண்ணி மறந்து இன்ஜினோடு கிடந்தார். "பெரியவரு எப்டிக்கிறாரு?" என்று தினமும் என் போனிலிருந்து குடிபாலாவுக்கு விசாரிப்பார். ஒரு மனிதர் சாகக்கூடாது என்று அவர் கவலைப்பட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

இருபதாம் நாள் இன்ஜினை மட்டும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பெரியவரின் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினோம். பானாக்காரர் ஹேண்டிலைச் சுற்றினார், சுற்றினார், மூச்சு வாங்கினார். இன்ஜின் தும்மக்கூட இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏர் எடுத்தியாடா?"

டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. எடுத்தார். மறுபடி சுற்றினார். 'டப்... டப்... டப்டப்டப்' என்று பூமி அதிர்ந்தது. கூடவே கரும்புகை ஜன்னல் வழியே வீட்டுக்குள் புகுந்தது. பெரியவர் இருமிக்கொண்டே கையைத் தட்டினார். அவர் மகன் ஓடிவந்து எங்களை விரட்டினார்.

மூன்றாம் நாள் பெரியவர் இறந்துவிட்டார்.

"புகையை விட்டுக் கொன்னுட்டான்" என்று அந்த மகன் சொன்னது சாவுச் செய்திக்கு முன்பே வடமாலபேட்டைக்கு வந்து சேர்ந்தது. பானாக்காரர் இன்ஜின்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அந்த ஒரு சாவுக்கு மட்டும் அவர் போகவில்லை. "எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது சார்?" என்றார். நான் மட்டும் போனேன்.

அங்கே பெரியவரின் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணன் பேச்ச மனசுல வச்சிக்காதீங்க. டாக்டர் போன மாசமே நாள் குறிச்சிட்டாரு. கடைசி ரெண்டு நாளும் நைனா வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் அந்த சத்தத்த வாயாலயே போட்டுக் காட்டிக்கினு இருந்தாரு. அவருகிட்ட சொல்லுங்க."

வந்து சொன்னேன். பானாக்காரர் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"எப்டி போட்டுக் காட்டனாராம்?"

எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் 'டப்... டப்...' என்றேன்.

"அப்டி இருக்காது சார். இன்னொரு தபா."

நாலு பேர் முன்னால் தும்முவதற்கே கூச்சப்படும் ஆள் நான். அன்று நடுத்தெருவில் நின்று, அவர் முகத்தில் சிரிப்பு வரும்வரை, டிராக்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தேன்.