பொன்னுத்தங்கம் டீச்சரின் தொண்டை

“பேசாதீங்கலே!” என்று கத்துவதற்காகப் பொன்னுத்தங்கம் டீச்சர் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. ஏழாம் வகுப்பு ‘அ’ பிரிவு அந்தக் காற்றைச் சட்டை செய்யவில்லை.

முந்தின நாள்தான் சிவகாசியில் தொண்டை டாக்டர் சொல்லியிருந்தார். “கத்திக் கத்தித் தொண்டைக்குள்ள காய்ப்புக் காய்ச்சிருக்கு. இனிமே கத்தினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் குரல் பழையபடி வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

டீச்சருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. திருத்தங்கலில் இத்தனை வருடமாக அறிவியல் நடத்துகிறார். அதில் பாதி நேரம் அறிவியல், மீதி நேரம் “பேசாதே”. குரல் போன வாத்தியாரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

நல்ல வேளையாக விருதுநகரில் ஒரு பயிற்சி வகுப்பு போட்டார்கள். மாணவர் நடத்தையை மாற்றுவது எப்படி என்று. எதற்குப் பலன் கிடைக்கிறதோ அதைப் பிள்ளை திரும்பச் செய்யும், கிடைக்காததை விட்டுவிடும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது.

“சத்தம் போட்டா கண்டுக்காதீங்க. உங்க கவனம்தான் அவங்களுக்குக் கூலி” என்றார் பயிற்சியாளர்.

திங்கட்கிழமை டீச்சர் கண்டுகொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். சத்தம் கூடியது. அப்புறமும் கூடியது.

“ஏலே, டீச்சர் அசையவே மாட்டேங்காகலே!”

“மயக்கமா இருக்கும். தண்ணியத் தெளிலே!”

சிவபாண்டி நல்ல பையன். பாட்டில் தண்ணீர் முழுவதையும் டீச்சர் முகத்தில் கவிழ்த்தான். எழுந்த ஆரவாரத்தில் தலைமையாசிரியர் வெள்ளைத்துரை ஓடி வந்தார்.

“என்ன டீச்சர் இது? பக்கத்து ‘ஆ’ பிரிவைப் பாருங்க. அறிவியலுக்கு ஆள் போடலேன்னு பி.டி. வாத்தியாரு ஜெயச்சந்திரனை அனுப்பியிருக்கேன். ஒரு சத்தம் கேக்குதா?”

கேட்கவில்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவே இருந்தது கூரையை எட்டாத அரைச்சுவர்தான். ஒருவர் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் அங்கே மயான அமைதி, எதையோ கேட்கக் காத்திருப்பதுபோல. விசில் ஊதுகிற மனுஷனுக்கு இருக்கிற சாமர்த்தியம் தனக்கு இல்லையே என்று ஈரப் புடவையோடு நின்ற டீச்சருக்கு அழுகையே வந்தது.

அடுத்த வழி, பரிசு. அமைதியாக இருப்பவர்களுக்கு நட்சத்திர ஸ்டிக்கர். பத்து சேர்ந்தால் ஒருநாள் லீடர். வகுப்பு சட்டென்று அடங்கியது. டீச்சர் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் ஹரிபிரசாத் ஒரு கட்டோடு வந்தான். அவன் அப்பா பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறார்.

“டீச்சர், ஒங்க ஸ்டார் ரொம்பச் சின்னதா இருந்துச்சு. அப்பா பெருசா அடிச்சுத் தந்தாக. மினுமினுன்னு இருக்கும்.”

அதற்குள் அவன் வகுப்பு முழுக்க வினியோகித்திருந்தான். மத்தியானத்துக்குள் எல்லாரும் லீடர். அடக்குவதற்குத் தொண்டன் ஒருவன்கூட மிச்சமில்லை. எல்லா லீடர்களும் எல்லாரையும் பார்த்து “பேசாதே” என்று கத்தினார்கள்.

டீச்சர் விடவில்லை. தன் கையெழுத்து இருந்தால்தான் ஸ்டார் செல்லும் என்றார். மறுநாள் கையெழுத்தும் அச்சாகி வந்தது.

“கொஞ்சம் கோணலா இருந்துச்சு டீச்சர். டிசைன் பண்ற அண்ணன் நேராக்கிட்டாரு” என்றான் ஹரிபிரசாத்.

இந்த ஊரில் அச்சடிக்க முடியாத ஒரு பரிசு வேண்டும். டீச்சர் யோசித்தார். நல்ல வார்த்தை! யார் ஒழுங்காக இருக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பாராட்டுவது. முதல் ஆளாகச் சிவபாண்டியைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர் ஊற்றியவன் என்றாலும் அன்று அவன் வாயே திறக்கவில்லை.

அவன் அம்மா மாரித்தாய் அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வேலை நேரத்தில் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் டீச்சர் சாயங்காலம் கூப்பிட்டார்.

“நான் சிவபாண்டியோட டீச்சர் பேசுறேன்...”

“ஏலே! இங்கன வாலே! என்னத்தப் பண்ணித் தொலைச்ச?”

பளார் என்று ஒரு சத்தம் போனிலேயே கேட்டது.

“ஐயோ, அடிக்காதீங்கம்மா! அவன் நல்ல பையன்னு சொல்லத்தான்...”

“நீங்க எரக்கப்பட்டு மறைக்கீக டீச்சர். நல்ல பையனா இருந்தா எதுக்குப் போன் போடுறீக?”

இன்னொரு பளார். அன்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். தீபாவளி சீசன் நேரம், லோடு அனுப்புகிற அலுப்பு. டீச்சர் போன் என்றதும் கை முந்திக்கொள்கிறது, காது அப்புறம்தான் வருகிறது.

காலையில் சிவபாண்டி மேசையருகே வந்து கும்பிட்டான். “டீச்சர், நான் இனிமே நல்லா நடந்துக்கவே மாட்டேன். தயவுசெஞ்சு போன் போடாதீக.”

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். மற்றவர்களும் உஷாரானார்கள். எங்கே பாராட்டிவிடுவாரோ என்ற பயத்தில் அமைதியான பிள்ளைகள்கூடப் பெஞ்சைத் தட்டினார்கள். டீச்சர் நாற்காலியில் சரிந்தார். கத்தத் தொண்டை இல்லை, யோசிக்கத் தெம்பும் இல்லை. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலும் ஒரு திட்டமில்லை, மணி பார்க்கத்தான்.

வகுப்பு அப்படியே அடங்கியது. எல்லாக் கண்ணும் போன்மேல்.

டீச்சருக்கு மெதுவாகப் புரிந்தது. “சத்தம் போடுறவங்க வீட்டுக்குத்தான் இனிமே போன்” என்றார் கிசுகிசுப்பாக. “அமைதியா இருந்தா போட மாட்டேன்.”

விருதுநகர்ப் பயிற்சியாளர் இதை ஒத்துக்கொள்வாரா தெரியாது. ஆனால் வேலை செய்தது. ஒரு வாரம் டீச்சர் வீட்டில் பேசுகிற குரலிலேயே பாடம் நடத்தினார். டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வீக்கம் வத்துது. இப்படியே பேசுங்க, ஆபரேஷன் வேண்டாம்” என்றார். டீச்சர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசித்திரம் என்னவென்றால், இப்போது ‘ஆ’ பிரிவில் ஒரே கூச்சல். வெள்ளைத்துரை வந்து, “ஒங்களப் பாத்து அவரு கத்துக்கணும் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவர் கஷ்டத்தில் சந்தோஷப்படக் கூடாதுதான். பொன்னுத்தங்கம் கொஞ்சம் பட்டார்.

மத்தியானம் ஜெயச்சந்திரன் சாரே வந்து நின்றார். கழுத்தில் விசில், முகத்தில் ஒரு வார அலுப்பு.

“வாங்க சார்” என்று டீச்சர் பெருந்தன்மையாக வரவேற்றார். “பசங்கள அடக்குற வழிதான? சொல்லித் தாரேன், உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை.

“காலாண்டுப் பரீட்சை வருது டீச்சர், கொஞ்சம் பழையபடி கத்தி நடத்துங்க... ஜூன்ல இருந்து அந்தச் சுவத்துக்கு அங்கிட்டு இருந்து நீங்கதான எங்க பிள்ளைகளுக்கும் அறிவியல் எடுக்கீக!”