மாலை போட்ட ஏசி

"மச்சான், இத இப்ப கழட்ட முடியுமா?" என்று அருண்குமார் கேட்டதும் மாரப்பனின் முகம் சுருங்கிப்போனது.

கூடத்துச் சுவரில் புத்தம்புது ஏசி பளபளத்தது. மொரப்பூரில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மாரப்பன் கொண்டுவந்த சீர் அது. காலையில் ஹோமப் புகையில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆள் வைத்துச் சுவரைத் துளைத்து மாட்டிவிட்டார்.

"தாய்வூட்டு சீருங்க மாப்ள. கழட்டுனீங்கன்னா நான் கை நனைக்காம கெளம்பிடுவேன்."

"எங்கண்ணன் சாப்பிடாம போனா, நாளையிலேர்ந்து உங்களுக்கும் சோறு கெடையாது" என்றாள் மனைவி நிர்மலாதேவி.

அருண்குமாரின் சங்கடம் வேறு. வீடுகளுக்கு வரைபடம் போடுவது அவன் தொழில். ஏசி இல்லாமலே குளிரும் வீடு கட்டலாம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தான், ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் தன் வீட்டையே அப்படிக் கட்டினான். நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், வெள்ளை ஓடு பதித்த மொட்டைமாடி, சூட்டுக்காற்று வெளியேற உச்சியில் ஒரு திறப்பு.

அதைப் பார்க்கத்தான் அதியமான்கோட்டையிலிருந்து ராஜப்பன் என்கிற வியாபாரி மத்தியானம் வருவதாக இருந்தார். பிடித்துப்போனால் தன் வீட்டு வேலையை அருண்குமாருக்கே கொடுப்பார். இந்த மாதிரி வீட்டுக்கு அவனுக்குக் கிடைக்கும் முதல் வேலை அது. "எங்க வூட்ல ஏசியே கெடையாதுங்க" என்று போனில் பெருமையடித்து வேறு வைத்திருந்தான், பாவம்.

ஒரு பட்டுப்புடவையை எடுத்து ஏசிமேல் போட்டான்.

"சீர எதுக்கு மாப்ள மூடறீங்க?"

"கண்ணு படுமேன்னுதான் மச்சான்."

"நாலு பேரு கண்ணு படணும்னுதானே வாங்கியாந்தேன்!"

புடவை இறங்கியது. மரியாதை செய்வதுபோல மறைத்துவிடலாம் என்று, மிச்சமிருந்த சாமந்திச் சரங்களையெல்லாம் எடுத்து அதன்மேல் தொங்கவிட்டான். மாரப்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏசியும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் பூவுக்குப் பின்னால் எந்தச் சாமி என்று யாரும் விசாரிக்கவில்லை. வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா கற்பூரம் ஏற்றினார். இன்னொருவர் ஊதுபத்தியைக் கட்டோடு கொளுத்திச் சரங்களுக்கு நடுவில் செருகினார். கும்பிட வந்த கூட்டம் நகரவே இல்லை. கூடம் கொதித்தது.

புகை போகட்டும் என்று மேற்கு ஜன்னல்களைத் திறந்தான். காற்று வரும் திசையை மாதக்கணக்கில் கவனித்து வைத்த ஜன்னல்கள். கணக்கு கொஞ்சமும் தப்பவில்லை. கொல்லையில் சமையல்காரர் மூட்டியிருந்த விறகடுப்பின் புகை மொத்தமும் ஒழுங்காக உள்ளே வந்து சேர்ந்தது.

"பந்தி ரெடி! எல்லாரும் பந்தலுக்கு வாங்க!" என்று கத்தினான். கூட்டம் ஓடியது. சோறு இன்னும் வடிக்கவில்லை என்று தெரிந்ததும், போனதைவிட வேகமாகத் திரும்பி வந்து கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் ராஜப்பனும் அவர் மனைவி சுகுணாவும் காரிலிருந்து இறங்கினார்கள்.

"குளுகுளுன்னு இருக்கும்னு சொன்னீங்களே?" ராஜப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆளுங்க ஜாஸ்திங்க, அதான்..."

"அதுக்கென்னங்க, இப்ப பாருங்க!" என்று மாரப்பன் ரிமோட்டை அழுத்தினார்.

பூக்குவியல் ஒருமுறை குலுங்கியது. சரங்கள் அறுந்து, ஊதுபத்திச் சாம்பலோடு ராஜப்பனின் தலையில் கொட்டின. சுவரில் ஏசி முழுசாகத் தெரிந்தது.

முதல் வேலை போயே போய்விட்டது என்று அருண்குமார் கண்ணை மூடிக்கொண்டான். அழுகையே வந்துவிட்டது.

"சாப்பாடு ரெடிங்க!" என்று இந்த முறை சமையல்காரரே குரல் கொடுத்தார். கூடம் நொடியில் காலியானது. மாரப்பனும் ரிமோட்டை அருண்குமார் கையில் திணித்துவிட்டு ஓடினார். அவன் ஏசியை அணைத்தான். கூட்டம் போனதும் சூடும் புகையும் மெல்ல உச்சித் திறப்பு வழியே ஏறிப் போயின. சுகுணா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"மன்னிச்சிக்குங்க" என்றான் அருண்குமார். "இது மச்சான் குடுத்த சீருங்க. சும்மா பேருக்கு மாட்டியிருக்குது. நாங்க போடவே மாட்டோம்."

ராஜப்பன் தலையிலிருந்த பூவை எடுத்தபடி மனைவியைப் பார்த்தார்.

"எங்களுக்கும் அச்சு அசலா இதே வூடுதான் தம்பி வேணும், சும்மா மாட்டுன ஏசியோட" என்றார் சுகுணா. "அந்தக் குளுரு எனக்கு ஆவறதில்ல, ஆனா ஏசி கடைக்காரரு வூட்லயே ஏசி இல்லன்னா, எங்க கடைக்கு எவன் வருவான்?"