கல்யாண வண்டியில் மயில்துத்தம்

அந்தக் காலத்துத் தென்னாற்காடு ஜில்லாவில் பூச்செடிக்கு நோய் வந்தால் ரயில் நிற்கும். அந்த ரயிலை ‘மயில்துத்தம்’ ஓட்டவேண்டும், அவ்வளவுதான். விழுப்புரம் ஷெட்டில் அந்த டிரைவரின் சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

யுத்தத்துக்கு முந்திய ஒரு தை மாதம், திண்டிவனத்தில் எனக்குக் கல்யாணம். பத்தரைக்குள் தாலி கட்டாவிட்டால் பெண்ணின் அப்பா இன்னொரு முகூர்த்தத்துக்குச் சம்மதிக்கமாட்டார், மனிதர் அப்படி. காலை வண்டியில் ஒரு பெட்டி நிறைய என் ஜனம். எஞ்சினில் யார் என்று பார்த்ததும், வழியில் எந்தச் செடியும் வாடியிருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

விக்கிரவாண்டியில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். எட்டிப் பார்த்தேன். மயில்துத்தம் பிளாட்பாரச் சாமந்திப் பாத்தியில் மண்டியிட்டு, வாடிய செடியொன்றைப் பிடுங்கி ஸ்டேஷன் மாஸ்டரின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார். அடித்தண்டுல நூல் நூலா வெள்ளப் பூசணம், கடுகாட்டம் உருண்ட. தண்டு அழுவிப்போச்சு. தோட்டத்தப் பாக்கத் தொரை வர்றாருன்னு ரெண்டு வேளையும் கொடம் கொடமா ஊத்திக்கினு இருந்தீங்களா?"

"சிக்னல் குடுத்தாச்சுய்யா, வண்டிய எடு."

"எடுக்கறேன். பக்கத்துச் செடிக்குத் தொத்திக்கினா யாரு பாக்கறது?"

அழுகிய செடிகள் வேர்மண்ணோடு எஞ்சின் அடுப்புக்குள் போயின. இடுப்பிலிருந்து, பூசணத்தைக் கொல்லும் நீல மயில்துத்தப் பொட்டலத்தை எடுத்து மண்பானையில் கரைத்தார். சேர்க்கச் சுண்ணாம்பு இல்லை. நேராக எங்கள் பெட்டிக்கு வந்தார்.

"மாப்ள, தாம்பூலத்துல சுண்ணாம்பு இருக்குமே."

இருந்த சுண்ணாம்பெல்லாம் பானைக்குள் போயிற்று. என் மாமாவின் பாக்குவெட்டியை வாங்கி உள்ளே முக்கினார். வெளியே எடுத்தால் அதில் செம்பு நிறம் ஏறியிருந்தது.

"இரும்புல செம்பு ஏறுது பாரு, சுண்ணாம்பு பத்தல. இப்படியே ஊத்தினா செடி கருகிப்பூடும். ஜல்தி, இன்னும் கொண்டா."

பட்டு வேட்டியும் நெற்றிச் சந்தனமுமாக நான் பெட்டி பெட்டியாக ஓடிச் சுண்ணாம்பு யாசித்தேன். ஒரு கிழவி டப்பியை நீட்டிக்கொண்டே, "தாலி கட்டறதுக்கு முந்தியே இவ்ளோ வெத்தல போடுவியா நைனா?" என்று கேட்டாள்.

பாக்குவெட்டி நிறம் மாறாமல் வெளிவந்த பிறகுதான் மற்றச் செடிகளின் அடித்தண்டில் கரைசலை ஊற்றினார். அப்புறம் அவர் வண்டியை ஓட்டவில்லை, பறக்கவிட்டார். நிற்காமல் தாண்டிய மயிலத்தில் இறங்கவேண்டிய ஒருவர் என் கல்யாணத்தில் சாப்பிட்டார்.

பத்தரை அடிக்கும்போது தாலி கட்டினேன். தாம்பூலத்தில்தான் சுண்ணாம்பு இல்லை. மாமனார் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டினார்.

அடுத்த மாதம் மனைவியோடு மறுபடி அதே வண்டியில் போனேன். விக்கிரவாண்டிப் பாத்தி முழுக்கச் சாமந்தி. மயில்துத்தம் ஒரு பூவைப் பறித்து அவளிடம் கொடுத்தார்.

"உங்க வூட்டுக்காரரு சுண்ணாம்புல பொழச்ச செடிம்மா."

இப்போதெல்லாம் வண்டி அங்கே நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கிறேன், அவர் பாத்தியில் மண்டியிட்டிருக்கமாட்டாரா என்று.