அக்காவின் கையெழுத்துக்கு ஒரு தடிப் பேனா

அக்காவின் சமூகத்துக்கு, அறுபத்திரண்டு வயதாகியும் உன் குரல் கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் வலது கட்டைவிரலைத் தவிர. உன் விரல்கள் இப்போது கொஞ்சமாவது மடங்குகின்றனவா?

வெள்ளிக்கிழமை உன் மகளின் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும், கடைப் பேனாவெல்லாம் உன் கையில் நழுவுகிறது, "செத்தாலும் கைநாட்டு வைக்க மாட்டேன்டா" என்று நீ போனில் கத்தினாயே, அப்போது "நானே ஒரு தடிப் பேனா கடைஞ்சு தர்றேன்" என்று வாயை விட்டேன் பார், அன்று பிடித்தது எனக்குச் சனி. உனக்குத் தடியாக ஒன்று, எனக்கு ஒல்லியாக ஒன்று என்று இரண்டு பேனாவுக்கும் சாமான் வரவழைத்தேன்.

மரத்துண்டில் துளை போட்டு, பித்தளைக் குழாயைச் செருகி ஒட்டி, லேத்தில் கடைந்து, இரண்டு முனையிலும் உலோக மூடி மாட்டினால் பேனா. இவ்வளவுதான். உன் பேனாவின் உடம்பு பிரமாதமாக வந்தது. மூடியை வைத்துப் பார்த்தால் மூடி சுண்டுவிரல், மரம் கட்டைவிரல். "இது பேனாவா, சுத்தியல் காம்பா?" என்றாள் வீட்டுக்காரி. தடிப் பேனா என்று படித்துப் படித்துச் சொல்லியும் ஒல்லிப்பிச்சான் மூடியை அனுப்பிவிட்டானே என்று கடைக்காரனை நாலு வாங்கு வாங்கிக் கடிதம் போட்டுவிட்டு, உபரியாக இருந்த தடிக் குழாயில் இரண்டாவது உடம்பைக் கடைந்தேன். மூடி குழாய்க்குள் லொடலொடவென்று ஆடியது, காகிதம் சுற்றினேன். மரம் துருத்திக்கொண்டு நின்றது, உப்புத்தாளால் தேய்த்தேன், தேய்த்தேன், மூடியின் அளவுக்கு வருவதற்குள் மரம் தீர்ந்துபோய்ப் பித்தளை பல்லை இளித்தது. சரி என்று மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பினால் கட்டைவிரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிய மாடிவீட்டுத் தையல்காரர் முன்னால் பேனாவும் விரலுமாகப் போய் நின்றேன். "என்ன சார் இது?" "பேனா." "எங்க தொழில்ல அளவு தப்பினா பிரிச்சுத் தைப்போம், உங்கள எப்படிப் பிரிக்கிறது?" என்று அந்த மனுஷன் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய பிறகு விரல் வந்தது, பேனாவில் பாதியும் கூடவே வந்தது.

ஆகையால் கோபித்துக்கொள்ளாதே அக்கா. உன்னிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுகையே வருகிறது. அந்த ஒரு நாள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கைநாட்டு வைத்துவிடேன். யாரும் பார்க்காதபடி நான் மறைத்துக்கொள்கிறேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். அத்தானுக்கு வணக்கம். உன் காலில் விழுந்து, முட்டி ஒத்துழைத்தால் எழுந்திருக்கும்,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடு. உறையை ஒட்டப் போகும்போது வீட்டுக்காரி வாங்கிப் படித்துவிட்டு, "உங்களுக்குன்னு வாங்கின ஒல்லிப் பேனா மூடி எங்க?" என்றாள். எனக்கென்று வந்த சாமான் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே தடி மூடி! சாமான் வந்த அன்று இரண்டு பொட்டலத்தையும் ஒரே தட்டில் கொட்டி, மூடிகளை மாற்றி அள்ளி வைத்தவன் நான்தான். நூல் சுற்ற என்று அவள் எடுத்து வைத்திருந்த அந்த முதல் சுத்தியல் காம்பில் மாட்டினோம். க்ளிக்கென்று உட்கார்ந்தது, மயிரிழை கூடத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த வரிகளை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன், தோல் உரிந்த விரலுக்கே நழுவவில்லை. கடைக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டுப் பேனாவோடு புறப்படுகிறேன். வெள்ளிக்கிழமை முழுப் பெயரையும் போடு அக்கா, அப்பா பெயரையும் சேர்த்து, இடம் போதாவிட்டால் பக்கத்துக் கட்டத்திலும் எழுது.