முகம் காட்டாத பெண்ணுக்கு ஒரு வரன்

மகளுக்கு வரன் தேடி அலைகிறவர்களை ராயபுரத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ஓர் ஓவியத்துக்கு வரன் தேடி அலைந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் கப்பல்.

கப்பல் என்பது ஆளின் பட்டப்பெயர். துறைமுக மதிலை ஒட்டிய சந்தில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருக்கிறார். உடைத்துப்போட்ட கப்பல்களின் வட்ட ஜன்னல், பித்தளை விளக்கு, கம்பளி, பீங்கான் தட்டு எல்லாம் அவரிடம் வந்து ஒதுங்கும். ஆனால் மனிதர் இதுவரை கப்பலில் ஏறியதில்லை. காசிமேட்டில் கட்டிக் கிடக்கும் விசைப்படகைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும்.

அவரிடம் சாமான் வாங்குவதைவிடச் சம்மதம் வாங்குவது கஷ்டம். ஒருமுறை சினிமாக்காரர்கள் விளக்கை வாடகைக்குக் கேட்டார்கள். என்ன காட்சி என்று விசாரித்தார். கொலை என்றார்கள். "வோணாம்பா, வெளக்கு பயந்துக்கும்" என்று ஷட்டரை இறக்கிவிட்டார்.

அந்தக் கடைக்குத்தான் தட்டுமுட்டுச் சாமான்களோடு அவள் வந்து சேர்ந்தாள். எந்தக் கப்பலிலோ கேப்டன் அறையில் மாட்டியிருந்த ஓவியம். பனி மூடிய கடல். கரையில் மஞ்சள் உடுப்பில் ஒரு பெண், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவ்வளவுதான். எண்ணூர் ஆலைப் புகை மேகத்தோடு மேகமாகிவிடும் சாயங்காலங்களில் நான் அங்கே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துறைமுகத்தில் சங்கு ஊதும். இதோ திரும்பப்போகிறாள் என்று தோன்றும். திரும்பமாட்டாள். ஓவியத்துக் கடல் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவந்து எங்கள் கணுக்கால் அளவில் நிற்கும்.

அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அவளா காட்னா பாத்துக்கலாம் மாமு. நாம கேக்கக்கூடாது" என்றார்.

உப்புக்காற்றுக்கு அந்த நாகரிகம் இல்லை. அவள் தோளில் வண்ணம் பொருக்காக எழும்பி உதிர ஆரம்பித்தது. கடையின் ஜன்னலைக் கப்பல் பிளாஸ்டிக் போட்டு அடைத்தார். அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தான் கயிற்றுச் சுருளின்மேல் படுத்தார். அப்படியும் உதிர்ந்தது.

"இங்க இருந்தா செத்துப்பூடுவா மாமு. நல்ல எடமா பாக்கணும்."

நகரத்தின் அரசுக் கலைக்கூடத்துக்கு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பியது இப்படித்தான். தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு. பெண் வீட்டார் சார்பில் நான். தின்பண்டம் உள்ளே கூடாது என்ற வாசல் காவலாளியை ஒரு வாழைப்பழத்தைத் தின்னவைத்துத்தான் கப்பல் உள்ளே போனார். ஓவியங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவர் சுவராக உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். காப்பாட்சியர் அம்மா பதறி ஓடிவந்தார்.

விஷயத்தைச் சொன்னோம். அந்த அம்மா பொறுமைசாலி. சில ஓவியங்களை விலைக்கு வாங்குவோம், சிலவற்றை வரைந்தவர்களே தருவார்கள், சில குடும்பங்கள் நன்கொடையாகக் கொடுக்கும். எப்படி வந்தாலும் ஒரு குழு உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யும் என்றார்.

"பாக்க எத்தினி பேரு வருவாங்க? சாப்பாடு சொல்லணும்."

யாரும் வரமாட்டார்கள், ஓவியத்தைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும் என்றார் அம்மா. பெண்ணே போய் நிற்பதா என்று கப்பலுக்கு முகம் சுண்டிவிட்டது. வரைந்தது யார் என்று அந்த அம்மா கேட்டார்.

"அப்பன் பேரு மூலைல கீது. ஆள் யாருன்னு தெரியாது. வளத்தவன் நாந்தான்."

கிளம்பும்போது ஒரு மீசைக்கார ஜமீன்தார் படத்துக்குப் பக்கத்தில் சுவர் காலியாக இருந்ததைக் கவனித்துவிட்டார். "இவன் பக்கத்துல மட்டும் வோணாம்மா. பார்வயே சரியில்ல."

"அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாச்சு ஐயா."

"அப்பவும் எப்டி பாக்குறான் பாரு."

கடைசியில் பெண்ணையே கொண்டுபோய் நிறுத்தினோம். குழு பார்த்தது. சம்மதித்தது. ஆனால் அந்த அம்மா சொன்ன மீதியைக் கேட்டுக் கப்பல் உட்கார்ந்துவிட்டார். தோளைச் சரிசெய்துவிடலாம். கொடுத்தபின் திரும்பக் கேட்க முடியாது. சுவரில் மாட்டுவோம் என்ற உத்தரவாதமும் இல்லை. பல ஓவியங்கள் உள்ளே இருப்பறையில்தான் இருக்கின்றன. வீட்டில் வைத்துக்கொண்டு அவள் உதிர்வதைப் பார்க்கலாம். அல்லது பிழைக்கவிட்டு, பார்க்காமலே இருக்கலாம்.

"இருட்டு ரூமாமா?"

"இருட்டுதான் ஐயா. ஆனா உப்பு வராது. ஈரம் வராது."

அவர் அந்த மஞ்சள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தின் மின்விசிறிகள் தூரத்து அலைபோல இரைந்தன.

"கையெழுத்து எங்கமா போடணும்?" என்றார்.

அதன்பின் மழை வரும்போதெல்லாம் கலைக்கூடத்துக்கு போன் போட ஆரம்பித்தார், அவளுக்கு ஒன்றுமில்லையே என்று. முதலில் அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுவார். குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார் இவர். "பாத்துட்டு சொல்லுமா. நான் இருக்கேன்."

இப்போது அந்த அம்மா போனைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம் நீளமாக நடக்கிறது. ஒரு கதவு திறக்கிறது. பிறகு எதுவும் கேட்பதில்லை. கப்பல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நல்லா இருக்காங்க ஐயா" என்று குரல் வருகிறது.

மழை பிடித்துக்கொண்டால் இப்போதெல்லாம் நானும் அந்தக் கடைக்குப் போய்விடுகிறேன். பதில் வருகிறவரை அவர் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும்.