தண்ணி காட்டிய அழகுமுத்து

“தம்பி, ஆறு எங்க?” என்று கேட்டார் ஜெகதீஸ்வரி.

அழகுமுத்து தொண்டையைச் செருமினான். மலைநாட்டு நோட்டன் பிரிட்ஜில் அவன் நடத்தும் சின்ன விடுதியின் வாசல் பலகையில், ‘அறையை விட்டு இறங்கினால் ஆற்றுக் குளியல்’ என்று எழுதியிருந்தது. இந்த வருடம் மழை பிந்திவிட்டது. இறங்கினால் பாறைதான்.

“இதுதாங்கம்மா ஆறு. தண்ணி மட்டுந்தான் இல்ல.”

யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து வேனை விட்டு இறங்கிய அம்மாவின் முகம் வாடிப்போனது. அவர் கணவர் துரைராசா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், பாறைகளை நிதானமாகப் பார்த்தார்.

“பரவாயில்லை. கல்லும் வடிவாத்தானே கிடக்கு.”

குத்திக்காட்டுகிறார் என்று அழகுமுத்துவுக்குச் சுருக்கென்றது. அதிபர் மனம் கோணிப் போனால், யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரும் இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்.

பின்னேரமே இருவரையும் காட்டுக்குள் ஒரு மடுவுக்குக் கூட்டிப்போனான். அம்மா தொபுக்கென்று இறங்கிவிட்டார். அதிபர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“எறங்குங்க சார், கழுத்தளவுதான்.”

“எனக்குத் தடிமன், மூக்கு ஓடுது.”

வீட்டுக்கு வந்து மனைவி வினோதாவிடம் புலம்பினான். “தண்ணி பத்தல போல. மூஞ்சியப் பாத்தியா?”

“பேசாம வுடுங்க. அவரு நல்லாத்தான் இருக்காரு.”

“வுட்டா நம்ம பேரு நாறிப்போயிரும்!”

மறுநாள் கித்துல்கலயில் படகுச் சவாரி விடும் மச்சானைக் கெஞ்சி, ரப்பர் படகு ஒன்றை வரவழைத்து நீர்த்தேக்கத்தில் இறக்கினான். மிதவைச் சட்டையை மாட்டியதும் அதிபரின் முகம் சாம்பலாகிவிட்டது.

“வயித்துக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு” என்றவர், விறுவிறுவென்று மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

“நீ வச்ச மீன் கொழம்புதான்!” என்று அழகுமுத்து வினோதா மேல் பாய்ந்தான்.

வேறு வழி தெரியாமல், முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து மழை கேட்டான். முனியாண்டி அளந்து கொடுக்கவில்லை, கவிழ்த்துக் கொட்டிவிட்டார். விடிந்து பார்த்தால் ஆறு இரைந்துகொண்டு விடுதிப் படியைத் தொட்டு ஓடியது.

அழகுமுத்து துள்ளிக் குதித்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். “சார்! ஆறு வந்துருச்சு சார்! படியிலயே ஏறிருச்சு!”

கதவு திறந்தது. காற்சட்டையும் சப்பாத்துமாகப் பெட்டியோடு வெளியே வந்த அதிபர், நேரே வேனில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார். குளிக்கத் துவாயோடு வந்த அம்மா திகைத்துப்போய் நின்றார்.

அழகுமுத்துவுக்கு அழுகை முட்டியது. அவர்களை ஹட்டனிலிருந்து ஏற்றிவந்த வேன் சாரதி கிஷாந்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நான் என்னப்பா கொற வச்சேன்?”

கிஷாந்த் அவன் காதருகில் குனிந்தான்.

“நீங்க வேற அண்ணே! சாருக்குத் தண்ணின்னாலே உயிர்ப் பயம். அம்மா ஆத்துக்குத்தான் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. ‘தண்ணியில்லாத ஆறாப் பாத்துக் கொண்டுபோ தம்பி’ன்னு சாரு கெஞ்சினாரு. அதான் ஒங்க எடத்துக்குக் கூட்டியாந்தேன்!”